வீதிக்கொரு மண்டகப்படி

இளவேனில் என்று நம் இலக்கணங்கள் பிரித்து வைத்த சித்திரையும் வைகாசியும் மதுரையில் தார்ச்சாலை இளகும் மாதங்கள். உச்சி வெயிலில் மாசி வீதிகளில் நடப்பவர்கள் கடைகளின் நிழலை ஒட்டியே நடப்பார்கள். வசதியுள்ளவர்கள் கொடைக்கானலுக்குக் கிளம்பும் அந்த நாட்களில்தான் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு மதுரையில் வந்து இறங்குகிறார்கள். மீனாட்சிக்குக் கல்யாணம், அழகர் ஆற்றில் இறங்கப் போகிறார். இந்த இரண்டு சேதி போதும், வெயிலை யாரும் பொருட்படுத்துவதில்லை.

வெளியூரிலிருந்து முதல்முறை வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று காட்சிகளைக் குறித்துக்கொண்டு வருவார்கள்: திருக்கல்யாணம், தேரோட்டம், அழகர் ஆற்றில் இறங்குதல். மூன்றும் பார்க்க வேண்டியவையே. ஆனால் இந்தத் திருவிழாவைத் தாங்கி நிற்பது, இந்த மூன்றுக்கும் நடுவில் தெருக்களில் நடக்கும் வேலை. அண்டாவில் மோர் கலக்குகிறவர், பந்தலுக்கு மூங்கில் நடுகிறவர், விடிய விடியப் பூக்கட்டுகிறவர், ஆட்டுத்தோல் பை தைக்கிறவர், தேருக்குக் கட்டை போடுகிறவர் என்று ஆளுக்கொரு பங்கு. தலைமுறை தலைமுறையாக அந்தப் பங்கை யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. மதுரையைச் சித்திரையில் பார்ப்பது என்றால் அந்தப் பங்காளிகளைப் பார்ப்பதுதான்.

மாசி வீதியில் மாலை நேரம்

மீனாட்சியம்மன் கோயிலின் சித்திரைப் பெருவிழா 12 நாள். கம்பத்தடி மண்டபத்தில் கொடி ஏறியதும், அன்றிலிருந்து காலையும் மாலையும் அம்மனும் சுவாமியும் மாசி வீதிகளில் உலா வருகிறார்கள். கற்பக விருட்சம், சிம்மம், பூதம், அன்னம், கைலாச பர்வதம், காமதேனு, தங்கக் குதிரை, ரிஷபம், யாளி என ஒவ்வொரு நாளும் வாகனம் மாறும்.

மதுரையின் வீதி அமைப்பு இந்த உலாவுக்கென்றே போட்டது போலிருக்கும். கோயில் மதிலுக்குள் ஆடி வீதி, மதிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி. ஒவ்வொரு சுற்றும் ஒரு மாதத்தின் பெயரைத் தாங்கியிருக்கிறது. இன்றைக்குச் சித்திரையில் நடக்கும் தேர், மாசி வீதியில் ஓடுவதற்கு ஒரு காரணம் உண்டு. மீனாட்சி கல்யாணமும் தேரும் ஒரு காலத்தில் மாசி மாதத்தில் நடந்தவை. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர்தான் அவற்றைச் சித்திரைக்குக் கொண்டுவந்து, அழகர் திருவிழாவோடு சேர்த்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. சைவக் கோயிலின் கல்யாணமும் வைணவக் கோயிலின் ஆற்றுத் திருவிழாவும் அடுத்தடுத்து வந்ததால் நகரத்து ஜனமும் கிராமத்து ஜனமும் ஒரே வாரத்தில் ஒரே ஊரில் கூடின. தேர் மாதம் மாறியும் வீதியின் பெயர் மாறவில்லை.

மாலை உலாவைப் பார்க்க ஏற்ற இடம் மேல மாசி வீதியோ தெற்கு மாசி வீதியோதான். வெயில் தாழ்ந்ததும் வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் விழும். கடைக்காரர்கள் சரக்கை உள்ளே தள்ளிவிட்டு வாசலில் பாய் விரிப்பார்கள். உலாவுக்கு முன்னால் கோலாட்டக் குழுக்கள் வரும். அவற்றுக்கு நடுவே பச்சைப் பாவாடையும் அட்டைக் கிரீடமும் கையில் மரக்கிளியுமாக மீனாட்சி வேடமிட்ட சின்னப் பெண்கள் வருவார்கள். கொஞ்ச தூரம் நடந்ததும் அப்பாவின் தோளில் ஏறிக்கொள்கிற மீனாட்சிகளும் உண்டு. வழியில் நிற்கிற பெண்கள் அந்தக் குழந்தைகளுக்கும் கைகூப்புகிறார்கள்.

இரவு ஒன்பதுக்கு மேல் பசித்தால் மாசி வீதிகளில் தீனிக்குப் பஞ்சமில்லை. கருப்பட்டியும் சுக்கும் சேர்ந்து கொதிக்கும் பருத்திப்பால் வண்டிகளில் கிடைக்கும். பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம் சேர்ந்த ஜிகர்தண்டா, கீழவாசல் விளக்குத்தூண் பக்கத்தில் நள்ளிரவு நெருங்கியும் விற்கும். மல்லிகைக்கும் இதுதான் பருவம். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, கோடையில்தான் அதிகமாகப் பூக்கிறது. சித்திரையில் இந்த ஊர் முழுக்க அதன் வாசம்.

பட்டம், படையெடுப்பு, கல்யாணம்

எட்டாம் நாள் மாலை மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். அம்மன் சன்னதி ஆறுகால் பீடத்தில் ராயர் கிரீடம் சூட்டி, வேப்பம்பூ மாலை சாத்தி, ரத்தினச் செங்கோலைக் கையில் கொடுக்கிறார்கள். பிறகு அந்தச் செங்கோலை அம்மனிடமிருந்து கோயில் நிர்வாகத்தின் தலைவர் பெற்றுக்கொண்டு பிரகாரத்தை வலம் வந்து திரும்ப ஒப்படைக்கிறார். அன்றிலிருந்து ஆவணி வரை மதுரையில் மீனாட்சி ஆட்சி. அதன் பிறகு சுந்தரேசுவரருக்குப் பட்டம். ‘இப்போ அம்மா ஆட்சிதான்’ என்று மதுரைக்காரர்கள் சொல்லும்போது அதில் ஒரு பெருமிதம் இருக்கும்.

அடுத்த நாள் திக்விஜயம். பட்டம் சூடிய அரசி எட்டுத் திசைக் காவலர்களையும் வெல்லக் கிளம்புகிறாள். இந்திர விமானத்தில் அம்மன் மாசி வீதிகளைச் சுற்றி வர, வீதி மூலைகளில் ஒவ்வொரு திக்குப் பாலகரோடும் போர் நடக்கிறது. கடைசியில் சுந்தரேசுவரர் எதிரே வர, வில் தாழ்கிறது. போர்க்களம் மறுநாள் கல்யாணப் பந்தலாக மாறும்.

பத்தாம் நாள் காலை திருக்கல்யாணம். வடக்கு ஆடி வீதியும் மேற்கு ஆடி வீதியும் சந்திக்கும் இடத்தில் உள்ள மண்டபத்தில் மணமேடை. திருப்பரங்குன்றத்திலிருந்து சுப்பிரமணிய சுவாமி தெய்வானையோடு வந்துவிடுவார். தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கப் பவளக்கனிவாய்ப் பெருமாளும் அங்கிருந்தே வருவார். அம்மன் சார்பில் ஒரு பட்டர், சுவாமி சார்பில் ஒரு பட்டர் என இருவர் மாலை மாற்றிக்கொள்வார்கள். மங்கல நாண் ஏறும் அந்தக் கணத்தில் ஆடி வீதியிலும் வெளியே சித்திரை வீதியிலும் வீடுகளில் தொலைக்காட்சிக்கு முன்னாலும் இருக்கிற பெண்கள் தங்கள் தாலிக்கயிற்றை மாற்றிக்கொள்கிறார்கள். கோயில் வாசலில் மஞ்சள் கயிறு, குங்குமம் அடங்கிய சிறு பைகளை வாங்கி வாங்கி முன்பின் தெரியாத பெண்களிடம் கொடுத்துக்கொண்டே போகிறவர்களைப் பார்க்கலாம். கல்யாண வீட்டில் வந்தவர்களுக்குத் தாம்பூலம் கொடுப்பது வழக்கம்தானே.

கல்யாண வீடு என்றால் மொய் உண்டு, பந்தியும் உண்டு. கோயிலில் மொய் எழுத இடங்கள் போட்டிருப்பார்கள். ஐம்பது, நூறு என்று அவரவர் சக்திக்கு எழுதி ரசீது வாங்கிக்கொள்வார்கள். ஊரில் உள்ள பேரன் பேர்த்தி பெயரிலெல்லாம் மொய் எழுதிக்கொண்டு போகிற பாட்டிகள் உண்டு. விருந்து, வடக்கு வெளி வீதியில் உள்ள சேதுபதி மேல்நிலைப் பள்ளியில். 1904இல் பாரதியார் சில மாதம் தமிழாசிரியராக இருந்த பள்ளி அது. முதல் நாள் மாலையே மாப்பிள்ளை அழைப்பு விருந்து தொடங்கிவிடும். காய்கறி நறுக்க, அரிசி களைய, பரிமாற ஊரார் தாமாகவே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மூட்டை மூட்டையாக அரிசியும் பருப்பும் காய்கறியும் காணிக்கையாக வந்து சேரும். யார் வீட்டுக் கல்யாணம் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. பயணிகளும் பந்தியில் உட்காரலாம். காய் நறுக்கவும் உட்காரலாம்.

இந்தக் கல்யாணத்துக்கு எல்லாரும் எல்லாக் காலத்திலும் வந்துவிடவில்லை என்பதையும் மதுரை வீதிகளில் நடக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1939 ஜூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்டவர்களை அழைத்துக்கொண்டு இந்தக் கோயிலுக்குள் நுழைந்தார். அதுவரை ஒடுக்கப்பட்ட சமூகத்தாருக்கும் நாடார்களுக்கும் உள்ளே அனுமதி கிடையாது. கடுமையான எதிர்ப்பு எழுந்தது. ஆலய நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பும் அதே ஆண்டில் வந்தது. இன்று ஆடி வீதியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கூட்டம் அந்த நாளுக்குக் கடன்பட்டது.

கோயிலுக்குள் போகிறவர்கள் கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். 2018 பிப்ரவரியில் வீர வசந்தராயர் மண்டபத்தில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு இந்தக் கட்டுப்பாடு இறுகியது. கல்யாணத்தைப் படம் பிடிக்க முடியவில்லை என்று வருந்த வேண்டாம். கண்ணால் பார்க்கக் கை ஓய்ந்திருப்பது நல்லதே.

வடம் பிடிக்கும் கை

பதினோராம் நாள் தேரோட்டம். கீழ மாசி வீதித் தேரடியிலிருந்து காலை ஆறு மணி வாக்கில் சுவாமி தேர் முதலிலும் அம்மன் தேர் பின்னாலும் கிளம்பும். முன்னால் விநாயகர், முருகன், நாயன்மார் சப்பரங்கள் போகும், கடைசியில் சண்டிகேசுவரர்.

தேர் ஓடும்போது எல்லாரும் கோபுரம் போல் நிமிர்ந்த உச்சியைப் பார்ப்பார்கள். சற்றுக் கீழே பார்த்தால் வேறொரு வேலை தெரியும். சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டைக்காரர்கள் ஆப்புக் கட்டையோடு கூடவே நடந்து வருவார்கள். தேரை நிறுத்துவதும் திருப்புவதும் அந்தக் கட்டைகள்தான். மூலை திரும்பும்போது உள்பக்கச் சக்கரத்துக்கு முன்னால் கட்டையைச் சரியான கோணத்தில் போட்டு, சக்கரம் அதன்மேல் ஏறி உரசித் திரும்பும் நொடியில் கையை எடுத்துவிட வேண்டும். எண்ணெய் தடவிய கட்டை உரசிப் புகையும். மேலே நிற்கிறவர் துண்டை வீசிச் சைகை காட்ட, வடம் பிடித்த நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே மூச்சில் இழுப்பார்கள். பெண்களும் வடம் பிடிக்கிறார்கள். வடத்தில் ஒரு கை வைத்துச் சில அடி நடந்தாலும் போதும் என்று கூட்டத்துக்குள் நுழைகிறவர்களுக்கு, பழகியவர்கள் இடம் விட்டுக்கொடுப்பார்கள். செருப்பில்லாமல் போவதும் தேருக்கு நேர் முன்னே நிற்காமல் வடத்தின் நுனிப் பக்கம் போவதும் நல்லது.

மலையிலிருந்து கிளம்பும் அழகர்

நகரத்தில் கல்யாணமும் தேரும் நடந்துகொண்டிருக்கும்போதே, வடக்கே இருபது கிலோமீட்டர் சுமாரில் உள்ள அழகர்கோயிலில் இன்னொரு ஏற்பாடு நடக்கிறது. சுந்தரராஜப் பெருமாள் கள்ளழகர் கோலத்தில் மதுரைக்குப் புறப்படுகிறார். கண்டாங்கிப் பட்டு, தலையில் உருமால், காதில் கடுக்கன், கையில் வளைதடி. பதினெட்டாம்படிக் கருப்பணசாமி சன்னதியில் விடைபெற்றுக்கொண்டுதான் பல்லக்கு வெளியே வரும். அந்தச் சன்னதியில் உருவம் கிடையாது; சந்தனம் அப்பிய பெரிய கதவுகளே கருப்பணசாமி.

பெருமாள் ஏன் இப்படி வேடம் பூண்டார், இடையரும் கள்ளரும் இன்னும் பல உழைக்கும் சமூகத்தாரும் இந்தக் கோயிலோடு எப்படிப் பிணைந்தார்கள் என்பதை ஊர் ஊராகப் போய்க் கேட்டு ஆராய்ந்தவர் தொ. பரமசிவன். அவருடைய முனைவர் பட்ட ஆய்வு ‘அழகர் கோயில்’ என்ற பெயரில் மதுரை காமராசர் பல்கலைக்கழக வெளியீடாக 1989இல் வந்தது. சித்திரைக்கு மதுரை வர நினைப்பவர்கள் படித்துவிட்டு வர வேண்டிய நூல் அது. துருத்தி நீர் தெளிப்பவர், திரியெடுத்து ஆடுபவர், சாட்டையடித்து ஆடுபவர் என்று அழகருக்கு நேர்ந்துகொண்டு வரும் எளிய மக்களை அவர் திருவிழாவின் நடுவில் வைத்துப் பார்த்தார்.

அழகர் வரும் வழியெங்கும் மண்டகப்படிகள். நானூறுக்கும் மேற்பட்ட இடங்களில் பல்லக்கு நிற்கிறது. சில இடங்களில் கல் மண்டபம், சில இடங்களில் தகரக் கொட்டகை, சில இடங்களில் தென்னங்கீற்றுப் பந்தல். ஒரு குடும்பத்துக்கு ஒன்று, ஒரு சமூகத்துக்கு ஒன்று, ஒரு வியாபாரிகள் சங்கத்துக்கு ஒன்று என்று உரிமை உண்டு. சாமி வந்து நிற்பது சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்துக்காக வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் லீவு போட்டு வருவார்கள். பந்தலுக்கு வெள்ளையடித்து, வாழைமரம் கட்டி, சுண்டலும் பொங்கலும் வைத்துக் காத்திருப்பார்கள். சாமி நகர்ந்ததும் பிரசாதம் தெருவுக்கு வந்துவிடும். பல்லக்கைத் தொடர்ந்து உண்டியல் வண்டிகள் வரிசையாக உருண்டு வரும். ஜனங்கள் ஓடிவந்து காசு போடுவார்கள்.

நகர எல்லையான மூன்றுமாவடியில் எதிர்சேவை. வருகிற விருந்தாளியை ஊர் வாசலில் நின்று வரவேற்கும் சடங்கு. மூன்றுமாவடி, புதூர், அவுட்போஸ்ட், தல்லாகுளம் என்று சாலை நெடுகக் கூட்டம் நிற்கும். பெண்கள் கையில் பளபளவென்று தேய்த்த பித்தளைச் செம்பு இருக்கும். அதில் விளிம்புவரை நாட்டுச் சர்க்கரை நிரப்பி, மேலே இலை வைத்து, அதன்மேல் சூடம் ஏற்றுவார்கள். பல்லக்கு நெருங்கியதும் செம்பை உயர்த்திக் காட்டிவிட்டு, சூடம் அணைந்ததும் அந்தச் சர்க்கரையைப் பக்கத்தில் நிற்கிறவர் கையில் அள்ளிப் போடுவார்கள். அவர் யார் என்ன என்று பார்ப்பதில்லை. சாலையில் ஐம்பது அடி நடப்பதற்குள் இரண்டு உள்ளங்கையும் பிசுபிசுத்துவிடும்.

‘அழகர் எங்க வந்துட்டாரு?’ என்பதுதான் அன்றைய இரவு முழுக்க மதுரையில் கேட்கும் கேள்வி. ‘புதூர் தாண்டிட்டாரு’, ‘இன்னும் ரிசர்வ் லைன்லதான் இருக்காரு’ என்று தெருவே பதில் சொல்லும்.

வைகையில் விடியல்

அன்றிரவு தல்லாகுளம் பெருமாள் கோயிலில் அழகருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலை சாத்தப்படுகிறது. நள்ளிரவுக்குப் பின் தங்கக் குதிரை வாகனத்தில் ஏறி, கருப்பணசாமி கோயில் எதிரே ஆயிரம்பொன் சப்பரத்தில் காட்சி கொடுத்துவிட்டு ஆற்றை நோக்கி வருகிறார். என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்பதை அறிய ஊரே காத்திருக்கும். பச்சைப் பட்டென்றால் அந்த ஆண்டு விளைச்சலுக்குக் குறைவில்லை என்பது நம்பிக்கை. ‘பச்சைப் பட்டு!’ என்ற சேதி சாமிக்கு முன்னால் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்துவிடும். விவசாயம் பார்க்கும் குடும்பங்கள் அதைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்து மகிழ்வதைப் பார்க்க வேண்டும்.

ஏ.வி. பாலத்துக்குப் பக்கத்தில், ஆழ்வார்புரம் கரையில், வீரராகவப் பெருமாள் வெள்ளிக் குதிரையில் முன்னதாகவே வந்து காத்திருப்பார். பொழுது புலரும் வேளையில் தங்கக் குதிரை நீரில் இறங்கும்போது ‘கோவிந்தா’ முழக்கம் இரண்டு கரையிலும் பாலத்திலும் எழும். தங்கை கல்யாணத்துக்கு வந்த அண்ணன், கல்யாணம் முடிந்துவிட்ட சேதியைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு ஆற்றோடு வண்டியூருக்குத் திரும்பிவிடுகிறார் என்பது ஜனங்கள் சொல்லும் கதை. கோயில் மரபு வேறு காரணம் சொல்கிறது: துர்வாசர் சாபத்தால் தவளையான மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுக்க வருகிறார். மதுரை இரண்டு கதையையும் வைத்துக்கொண்டிருக்கிறது.

காலை வெயில் ஏறியதும் ராமராயர் மண்டபத்தில் தண்ணீர் பீய்ச்சும் விழா. சல்லடமும் தலையில் உருமாலுமாக அழகர் வேடம் பூண்டவர்கள், ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் நிரப்பி, பித்தளைக் குழாய் வழியாக அழகர்மேல் பீய்ச்சுவார்கள். வெயிலில் வந்த சாமிக்குச் சூடு தணிய வேண்டுமே. விரதம் இருந்து, நேர்ந்துகொண்டு செய்கிற காரியம் இது. இடைக்காலத்தில் சிலர் அழுத்தம் மிகுந்த பம்புகளைக் கொண்டுவந்ததால் சாமி சிலைக்கும் பட்டர்களுக்கும் தொல்லை ஏற்பட்டது. இப்போது பழைய முறைப்படி தோல் பையில் மட்டும்தான் பீய்ச்ச வேண்டும் என்று கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள். நல்ல கட்டுப்பாடு.

இந்த வேடத்துக்கான துணிகளையும் பைகளையும் தைக்கிற தையல்காரர்கள் நெடுங்காலம் மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புது மண்டபத்தில் இருந்தார்கள். சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல் இயந்திரங்கள் ஓடுவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மண்டபத்தைப் பாதுகாக்க வேண்டிக் கடைகள் அண்மை ஆண்டுகளில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கின்றன. சித்திரைக்கு முந்தைய வாரங்களில் அங்கே போனால் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக ஜரிகை வைத்த உடைகள் உருவாவதைப் பார்க்கலாம்.

ஆற்றங்கரையில் முடிக்காணிக்கை கொடுக்கிறவர்கள் ஒரு பக்கம், மர நிழலில் அடுப்பு மூட்டிச் சமைக்கிறவர்கள் ஒரு பக்கம். முன்பு மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்த குடும்பங்கள் இப்போது வேனிலும் சின்ன லாரியிலும் வருகின்றன. எந்தத் தெருவில் திரும்பினாலும் நீர்மோர்ப் பந்தல், பானகப் பந்தல், புளிச்சோறு, தயிர்ச்சோறு. அன்னதானம் வழங்குகிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் முன்கூட்டியே பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. டம்ளரை நீட்டும் பிள்ளைகள் ‘அண்ணே, மோர் குடிச்சிட்டுப் போங்க’ என்று கையைப் பிடித்து நிறுத்துவார்கள். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும்.

இவ்வளவும் நடப்பதற்கு வைகை அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட வேண்டியிருக்கிறது. திறந்த தண்ணீர் நகரத்தைத் தொடும்போது ஆறு ஆறாகத் தெரியும். மற்ற நாட்களில் ஏ.வி. பாலத்தில் நின்று பார்த்தால் சாக்கடைக் கழிவும் ஆகாயத்தாமரையும்தான். சாமி இறங்கும் ஆற்றுக்கு இது அடுக்குமா என்று மதுரைக்காரர்களே வருந்துகிறார்கள். திருவிழா முடிந்த மறுநாள் கரையெங்கும் கிடக்கும் பிளாஸ்டிக் டம்ளர்களையும் பாக்கெட்டுகளையும் மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் குனிந்து குனிந்து அள்ளுகிறார்கள். மோர் ஊற்றுகிற பந்தலே குப்பையை அள்ளும் பங்கையும் ஏற்றுக்கொண்டால் இந்த ஊருக்கு இன்னும் அழகு. எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கழுவி வைக்கிற பந்தல்களும் இருக்கின்றன; அவற்றைத் தேடிப் போய்க் குடிக்கலாம்.

கூட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். 2020, 2021இல் கொரோனாவால் ஜனங்கள் இல்லாமலே கோயிலுக்குள் விழா நடந்தது. 2022இல் அழகர் மறுபடி ஆற்றில் இறங்கியபோது நெரிசலில் இருவர் உயிரிழந்தார்கள். குழந்தைகளோடும் வயதானவர்களோடும் வருகிறவர்கள் இறங்குகிற இடத்துக்கு மிக நெருக்கமாகப் போகாமல், வண்டியூர் போகும் வழியில் ஏதாவதொரு மண்டகப்படியில் நின்றால் அமைதியாகவும் அருகிலும் தரிசனம் கிடைக்கும்.

தேனூர்க்காரர்களின் பங்கு

ஆற்றில் இறங்கியதோடு பெரும்பாலான வெளியூர்க்காரர்கள் ரயிலேறிவிடுகிறார்கள். உண்மையில் அதன் பிறகுதான் திருவிழா நின்று பார்க்கத் தோதாகிறது.

அன்றிரவு அழகர் வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயிலில் தங்குகிறார். துலுக்க நாச்சியார் வீட்டுக்குத்தான் போகிறார் என்பது நாட்டார் வழக்கு. மறுநாள் ஆற்றின் நடுவே உள்ள தேனூர் மண்டபத்துக்குக் கருட வாகனத்தில் எழுந்தருளி, மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுக்கிறார். தேனூர் என்பது சோழவந்தான் பக்கத்தில் உள்ள ஊர். ஒரு காலத்தில் அழகர் ஆற்றில் இறங்கியது அங்கேதான். விழா மதுரைக்கு மாறிவிட்டாலும் தேனூர்க்காரர்களின் உரிமை போகவில்லை. அந்த ஊர் மக்கள் இங்கே வந்து, தங்கள் ஊர்ப் பெயர் தாங்கிய மண்டபத்தில் மரியாதை பெற்றுக்கொண்டு போகிறார்கள்.

அன்றிரவு ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம். முத்தங்கி சேவையில் தொடங்கி, மச்சம், கூர்மம், வாமனம், ராமர், கிருஷ்ணர் என்று விடிய விடிய அலங்காரம் மாறிக்கொண்டே இருக்கும், காலையில் மோகினி. ஒரு அலங்காரத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவே திரை விழும்போது கூட்டம் அப்படியே தரையில் படுத்துக்கொள்ளும். குழந்தைகளைத் தூங்கவிட்டு, திரை விலகும்போது எழுப்பிக் காட்டுவார்கள். கடைசி இரவு தல்லாகுளம் சேதுபதி மண்டபத்திலிருந்து பூப்பல்லக்கு. மல்லிகை விலை அந்த வாரம் எவ்வளவு ஏறியிருந்தாலும் பல்லக்கில் பூ குறைந்ததில்லை. அங்கிருந்து வந்த வழியே, அதே மண்டகப்படிகளில் நின்று நின்று, அழகர் மலை திரும்புகிறார்.

வர நினைப்பவர்களுக்கு

தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். அழகர் ஆற்றில் இறங்குவது சித்ரா பௌர்ணமியை ஒட்டியே. 2024இல் ஏப்ரல் 22 தேரோட்டம், மறுநாளே அழகர் ஆற்றில் இறங்கினார். 2025இல் தேர் மே 9, ஆற்றில் இறங்கியது மே 12. இடைவெளி விழும் ஆண்டுகளில் வந்தால் நடுவே ஊரைச் சுற்றிப் பார்க்க நேரம் கிடைக்கும். ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959இல் தொடங்கிய காந்தி நினைவு அருங்காட்சியகம், திருமலை நாயக்கர் மஹால், 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகம் மூன்றையும் காலை வேளைகளில் பார்த்து முடித்துவிடலாம். ஊர்த் திருவிழாக்கள் மதுரையோடு முடிவதில்லை. மானாமதுரையிலும் பரமக்குடியிலும் அந்தந்த ஊர் அழகர் அதே வைகையில் இறங்குகிறார். வைகாசியில் வருகிறவர்களுக்குப் புது மண்டபத்தின் வசந்த உற்சவம் உண்டு. சுற்றிலும் தண்ணீர் நிற்கும் அகழி வைத்துக் கோடைக்கென்றே திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் அது.

அறைகள் சீக்கிரம் நிறைந்துவிடும் என்பதால் பௌர்ணமி தேதி தெரிந்ததுமே பதிவுசெய்வது நல்லது. இரண்டே நாள்தான் இருக்க முடியும் என்பவர்கள் எதிர்சேவை நாள் மாலை வந்து, தேனூர் மண்டப நாள் வரை இருந்தால் திருவிழாவின் நெஞ்சைப் பார்த்துவிடலாம். பருத்தி உடை, தண்ணீர் பாட்டில், தலைக்கு ஒரு துண்டு போதும். செம்பு ஒன்றும் கால் கிலோ நாட்டுச் சர்க்கரையும் புதூர்க் கடைகளிலேயே கிடைக்கும். அவற்றை வாங்கிக்கொண்டு மூன்றுமாவடிக்குப் போனால், சூடம் ஏற்றிக் கொடுக்கப் பக்கத்தில் நிற்கிற அம்மாக்கள் இருக்கிறார்கள்.